நல்லூரில் இரு நேரங்கள்

யாழ்ப்பாணத்தில் நேரந்தவறாமைக்கு எடுத்துக்காட்டாக முதலிற் கூறப்படுவது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலாகும். எவர் வருகைக்காகவும் அங்குப் பூசை பிந்துவதில்லை. தேர் குறித்த நேரத்திற் புறப்படும். பழைய கோயில் 1621இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் மீண்டெழுந்த கோயிலில் 1899இல் மணிக்கோபுரம் அமைந்தது. ஓரூரார் பலரும் ஒரே நேரத்தில் ஒன்றுகூடுவதற்கு ஒரு மணியோசை போதுமானதாக இருந்தது. அவ்வோசை எட்டாத இடத்திலுள்ளவரும் அதே நேரத்தை அறிதல் எவ்வாறு என்பதே பின்வந்த நூறாண்டுகளின் வினாவாயிற்று.

முற்காலத்தில் இவ்வினா எழவில்லை. ஞாயிறு தோன்றும்பொழுது நாள் தொடங்கிற்று. நாளொன்றுக்கு அறுபது நாழிகை, நாழிகையொன்றுக்கு இருபத்துநான்கு நிமிடம். மணிக்கூடு வந்த பின்னரும் நிலைமை பெரிதும் மாறியதெனல் ஆகாது. இலங்கையில் 1880 முதல் வழங்கிய நேரம் கிரீனிச் நேரத்திற்கு 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் முற்பட்டது. நல்லூரின் நெடுங்கோட்டின்படி அவ்வூருக்குரிய இயற்கை நேரமோ கிரீனிச்சிற்கு ஏறக்குறைய 5 மணி 20 நிமிடம் முற்பட்டதாகும். இரண்டிற்கும் இடைவெளி அரை நிமிடமளவே. அக்காலத்து இந்தியப் புகையிரதங்கள் பின்பற்றிய சென்னை நேரமும் நல்லூர் நேரத்தினின்று ஒரு நிமிடமளவே வேறுபட்டது. மணிக்கூடும் ஞாயிறும் இங்குப் பிணங்காதிருந்தன.

1905இல் வடபுலத்துப் புகையிரதப் பாதை நிறைவெய்தியது. 1906இல் ஐந்தரை மணி நேரம் நியம நேரமாயிற்று. இதனால் நல்லூரின் உச்சிப்பொழுது மணிக்கூட்டின் பன்னிரண்டைக் கடந்து பத்து நிமிடமளவு பிந்தியது. பத்து நிமிடத்தை எவரும் பெரிதுபடுத்தவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் அரை மணியும் செப்டெம்பரில் மேலும் அரை மணியும் முன்தள்ளப்பட்ட நேரம், 1945 ஒக்டோபரில் பழைய நிலைக்குத் திரும்பியது.

நியம நேரத்தை ஊர்தோறும் கொண்டுசேர்த்தவை முதலில் தந்தியும் பின்னர் வானொலியுமாம். திருச்சி வானொலியின் நேர அறிவிப்பு ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர் கடந்து நல்லூரை அடைய ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் செல்லாது. ஆயினும் அது ஒருவழிச் செய்தி. பெறுவோன் வழியிற் கழிந்த காலத்தை அளந்தறிய இயலாது. மனிதர்க்கு அது குறையன்று. கணினிகளுக்கோ பெருங்குறையாகும். ஒரு வங்கியின் இரு கிளைகளில் ஒரே கணக்கில் நிகழும் இரு கொடுக்கல் வாங்கல்களுள் முந்தியது எது என்பதைக் கணினி நேரமுத்திரையைக் கொண்டே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது. கணினிக்குள் அமைந்த பளிங்கு மணிக்கூடோ வெப்பநிலை மாறுந்தோறும் சற்றே ஓடும், சற்றே பிந்தும்.

இக்குறையைத் தீர்க்கும் நெறிமுறையை வகுத்தவர் அமெரிக்காவின் டெலவெயர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் (1938-2024) ஆவார். வலையமைப்பு நேர நெறிமுறை எனப்படும் அது 1985இல் வெளியாயிற்று. அதன் உள்ளீடு எளியது. கேட்கும் கணினி தன் மணிக்கூட்டில் 0 மில்லிசெக்கன் காட்டும்போது வினாவை அனுப்புகின்றது எனக் கொள்வோம். மூலக்கணினி தன் மணிக்கூட்டின்படி அதனை 130இல் பெற்று, 132இல் விடை அனுப்புகின்றது. விடை வந்து சேரும்போது கேட்ட கணினியின் மணிக்கூடு 62 காட்டுகின்றது. போகும்போது கண்ட வேறுபாடு 130. வரும்போது கண்டது 70. இரண்டின் சராசரியாகிய 100 மில்லிசெக்கனே கேட்ட கணினி பிந்தியிருக்கும் அளவாகும். வழியிற் கழிந்த காலம் போகவர 60 மில்லிசெக்கன் என்பதும் இதனாற் புலனாகும்.

இக்கணக்கு ஓர் ஊகத்தின் மீது நிற்கின்றது என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரத்தை எடுக்கும் என்பதே அவ்வூகம். போதற்கு 50, வருதற்கு 10 எனின் இருபது மில்லிசெக்கன் பிழை நேரும். அதனைக் கணினி கண்டுகொள்ள வழியில்லை. ஆதலின் அது பல மூலங்களை வினவிப் பொருந்தாதவற்றைத் தள்ளுகின்றது. அணுமணிக்கூடு, செய்மதி வாங்கி ஆகியவற்றுக்குச் சுழியப் படி. அவற்றோடு நேரே இணைந்த கணினிக்கு முதற்படி. அதனை வினவுவதற்கு இரண்டாம் படி என வரிசை செல்லும். பதினாறாம் படி, நேரம் ஒத்திசையாதது என்பதற்கு அடையாளம். சிறு பிழையைக் கணினி தன் மணிக்கூட்டைச் சற்றே விரைவித்தோ தாழ்த்தியோ மெல்லத் தீர்க்கின்றது. ஆனால், மூலம் கூறும் நேரத்திற்கும் தன் நேரத்திற்கும் இடையே ஆயிரம் செக்கனுக்கு மேல் வேறுபாடு காணின், மில்ஸ் வகுத்த மூலச் செயலி இயல்பாகத் திருத்தம் செய்யாது நின்றுவிடும். மனிதர் தலையிட்டு ஆராய வேண்டிய பிழை அது என்பது அதன் கருத்து.

அரை மணி என்பது ஆயிரத்தெண்ணூறு செக்கன்.

1996இல் இலங்கையில் மழை பொய்த்தது. நீர்மின் உற்பத்தி வீழ்ந்தது. மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்குடன் அரசு மே 25ஆம் நாள் மணிக்கூடுகளை ஒரு மணி முன்தள்ளிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒருங்கே பெயர்ந்த மக்கள், 1996 ஏப்பிரலில்தான் வீடு திரும்பத் தொடங்கியிருந்தனர். குடாநாட்டுக்கான தேசிய மின்னிணைப்போ 1990இலேயே அறுந்திருந்தது. மிதிவண்டி மின்னாக்கியைச் சுழற்றி வானொலி கேட்டுப் பழகிய ஊருக்கு, மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் நேரம் வந்து சேர்ந்தது! ஒக்டோபர் 26இல் அரை மணி பின்தள்ளப்பட்டு, ஆறு மணி நேரம் நிலைபெற்றது. தை மாதத்தில் நல்லூரில் ஞாயிறு எழும்போது அரச மணிக்கூடு ஏழைத் தொட்டிருக்கும்.

விடுதலைப் புலிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களது கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் ஐந்தரை மணியே தொடர்ந்தது. 'பழைய நேரமா, புதிய நேரமா' என்பது எந்த நிகழ்வின் அழைப்பிலும் கேட்கவேண்டிய வினாவாயிற்று. பஞ்சாங்கத்தின் நாழிகைக் கணக்கு ஞாயிற்றை ஒட்டியதாகலின் அதற்கு ஊறு நேரவில்லை. மணிக்கூட்டு நேரத்தில் மனனம் செய்யப்பட்ட இராகுகாலத்திற்கே இடர்ப்பாடு. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது எனப் பாட்டியர் அறிந்தது, புதிய நேரத்தில் எட்டு முதல் ஒன்பதரை ஆயிற்று. திருச்சி வானொலி மட்டும் பழைய நேரத்தையே கூறிக்கொண்டிருந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது இவ்விரு நேரங்களும் எல்லைக்கோடு போலாயின. நல்லூரிலிருந்து கொழும்பு செல்பவர் முகமாலையைக் கடந்ததும் அரை மணி பின்தள்ள வேண்டும். ஓமந்தையைக் கடந்ததும் அரை மணி முன்தள்ள வேண்டும். அந்நாளில் ஒருவர் கைக்கடிகாரம் எந்நேரம் காட்டிற்று என்பது வெறும் வசதி பற்றிய செய்தியன்று. எவருடைய ஆணை அங்குச் செல்லும் என்பதை அது கூறிற்று.

கணினிகள் இந்த அரை மணியால் நின்றுபோகவில்லை. வலையமைப்பில் ஓடும் நேரம் உலகப் பொது நேரம் ஒன்றே. அதில் நாட்டின் பெயரோ ஊரின் பெயரோ இல்லை. கொழும்பிலும் கிளிநொச்சியிலும் அது ஒரே கணத்தையே குறிக்கும். அக்கணத்தை எத்தனை மணி என்று அழைப்பது என்பது வேறொரு பட்டியலின் வேலை. ஆதர் டேவிட் ஓல்சன் தொடங்கிப் போல் எகேர்ட் பேணிவந்த நேரவலயத் தரவுத்தளமே பெரும்பாலான கணினிகளுக்கு அப்பட்டியலாகும். இலங்கையின் 1942, 1996 ஆண்டு மாற்றங்கள் யாவும் 'ஆசியா, கொழும்பு' என்ற ஒரே தலைப்பின் கீழ் அதில் உள்ளன. புலிகள் 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவில்லை என்பதும் அங்குப் பதியப்பட்டுள்ளது. ஆனால், கணினி படிக்கும் வரியாக அன்று, மனிதர் படிக்கும் குறிப்பாகவே. வன்னியின் நேரத்திற்குத் தனித்தலைப்பு இல்லை. அங்கொரு கணினியைப் பழைய நேரத்தில் ஓடவிட விரும்பியவர் தம் ஊரைக் கல்கத்தா எனக் குறிக்கவேண்டியிருந்தது. கணத்தைப் பங்கிடுவதில் அத்துணை நுட்பம் காட்டிய இயந்திரம், பெயரிடுவதில் அரசுகளையே பின்பற்றியது. அதனைக் குறை கூறுதல் பொருந்தாது. எவ்வழக்கை ஏற்பது என்பதைத் தீர்ப்பது நேர நெறிமுறையின் பணியன்று.

2006 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்பிரல் 15ஆம் நாள் நள்ளிரவு கடந்து அரை மணியில், இலங்கை மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பிற்று. முன்னறிவிப்புக் குறுகியதாகலின் பட்டியல் புதுப்பிக்கப்படாத கணினிகள் உட்கணத்தில் மில்லிசெக்கன் பிசகாது நின்றும், முகப்பில் அரை மணி முந்திய நேரத்தைக் காட்டின. நல்லூரும் வன்னியும் பத்தாண்டுகளின் பின் ஒரே நேரத்தில் இருந்தன. முகமாலையில் இனிக் கைக்கடிகாரத்தைத் திருப்பவேண்டிய தேவை இல்லை. நான்கு மாதம் செல்லுமுன், நல்லூர்த் திருவிழாக் காலமாகிய ஓகஸ்ட் 11ஆம் நாள், அங்குப் போர் மூண்டு வீதி மூடப்பட்டது.