என்ன சொன்னான்?

சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆசையாக ஹோம் தியேட்டர் வாங்கி மாட்டியிருக்கிறாராம். சண்டைக் காட்சி வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். வசனம் வந்தால் அம்மா, "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்டபடி இருக்கிறார். 'ரிமோட்டும் கையுமாகவே படம் பார்க்கிறேன். இந்த ஸ்பீக்கர்களை எப்படித்தான் சார் சமமாக வைப்பது?' என்கிறார்.

நியாயமான கேள்வி. இதே கேள்வியால் பெரிய பெரிய மூளைகள் தூக்கம் கெட்டிருக்கின்றன, தெரியுமோ உங்களுக்கு?

சேந்தமங்கலம் அன்றைக்குச் சேலம் ஜில்லா (நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்). சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1937-ல் 'சதி அகல்யா'வை வெளியிட்டது. அந்தக் காலப் படங்களுக்கு ஒரே ஒலித்தடம்தான். கதாநாயகன் திரையின் எந்த மூலையில் நின்று பேசினாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வரும். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் அதற்காகவெல்லாம் கவலைப்படவில்லை!

லண்டனில் ஒருவர் கவலைப்பட்டார். பெயர் ஆலன் ப்ளூம்லைன். 1931-ல் மனைவியோடு சினிமாவுக்குப் போனவருக்கு, ஆள் ஒரு பக்கமும் குரல் இன்னொரு பக்கமுமாக இருந்தது பொறுக்கவில்லையாம். அந்த டிசம்பர் 14-ம் தேதியே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அதன் சாரம் ரொம்ப எளிமை: இரண்டு ஸ்பீக்கர்களின் சத்தத்தில் சின்ன வித்தியாசம் வைத்தால் போதும், குரல் சத்தம் கூடின பக்கமாக நகர்ந்துவிடும். யாரோ நடந்துபோவதாகக் காது நம்பிவிடுகிறது. பாவம், மனிதர் 1942-ல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார்.

ஆனால் இரண்டு ஸ்பீக்கரில் ஒரு வில்லங்கம் உண்டு. நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் குரல் நடுவிலிருந்து வரும். ஓரத்தில் இருப்பவருக்கு அது பக்கத்து ஸ்பீக்கருக்கு ஓடிவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1933 ஏப்ரல் 27-ல் மூன்று தடங்களை வைத்து ஒரு வேடிக்கை காட்டினார்கள். வாத்தியக்காரர்கள் வாசித்தது ஃபிலடெல்ஃபியாவில். கேட்டவர்கள் வாஷிங்டனில். அவர்களுடைய புகழ்பெற்ற இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியும் வாஷிங்டனில்தான்! கையில் கோல் இல்லை, வால்யூம் குமிழ்கள்.

அதே ஸ்டோகோவ்ஸ்கி, வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா'வுக்கும் (1940) இசை நடத்தினார். அதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூன்று ஒலித்தடங்களோடு நாலாவதாக ஒரு தடம். அதன் வேலை, எந்த ஸ்பீக்கர் எப்போது எவ்வளவு சத்தம் போடவேண்டும் என்று உத்தரவிடுவது. உங்கள் ரிமோட் வேலையைப் படச்சுருளே பார்த்தது! செலவு தாளாமலும் யுத்தத்தினாலும் அது படுத்துவிட்டது. 1953-ல் 'தி ரோப்' படத்தில் ரசிகர்களைச் சுற்றியும் ஸ்பீக்கர் வைத்தபோது வேறு தலைவலி: சும்மா இருக்கும் நேரத்திலும் அவை 'உஸ்ஸ்' என்று இரைந்தன. தேவைப்படும்போது மட்டும் அவற்றைத் திறந்துவிட, படச்சுருளிலேயே ஒரு சங்கேத ஒலியைச் சேர்க்கவேண்டியதாயிற்று.

நம் பக்கம் 1975-ல் 'ஷோலே', 1986-ல் தமிழில் 'மாவீரன்', தொண்ணூறுகளில் டால்பி, டி.டி.எஸ். என்று வரிசையாக வந்து இறங்கின.

இத்தனைக்கும் நடுவே தியேட்டர்களுக்கு ஒரு சட்டம் வந்தது. எழுபதுகளில் டால்பிக்காரர்கள் வகுத்த வழி. திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஒரு சோதனை இரைச்சலை ஓடவிட்டு, ரசிகர் உட்காரும் இடத்தில் மைக் வைத்து அளந்து, 85 டெசிபலுக்குக் கொண்டுவரவேண்டும். குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்பது யாருக்கும் பொருட்டில்லை. காது இருக்கும் இடத்தில்தான் கணக்கு!

வாசகரே, நீங்கள் எல்லாக் குமிழையும் ஒரே எண்ணில் வைத்திருப்பீர்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் திருப்பி அடிப்பதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும். நம் ஊர் ஹாலில் சோபா சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பின்பக்க ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்திலேயே கத்தும். (சிலர் குழந்தைகள் ஒயரை இழுக்குமே என்று எல்லாப் பெட்டிகளையும் ஷோகேஸில் கொலு மாதிரி அடுக்கிவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.)

அம்மா விஷயம் இன்னும் நுட்பம். வயதானால் முதலில் மங்குவது கீச்சொலிகள்தான். 'அ', 'ஆ' எல்லாம் நன்றாகக் கேட்கும். 'ச', 'த' நழுவிவிடும். பேச்சின் சத்தம் காதில் விழும், வார்த்தை விழாது. மொத்தச் சத்தத்தையும் கூட்டினால் வெடிச்சத்தமும் சேர்ந்தல்லவா கூடுகிறது! வசனத்தில் பெரும்பகுதி வருவது டி.வி.க்குக் கீழே இருக்கும் நடு ஸ்பீக்கரில். அதை ஷோகேஸின் உள்ளே தள்ளி, முன்னால் போட்டோ ஃப்ரேம் வைத்திருந்தால் முதலில் எடுங்கள்.

அப்புறம் அம்மாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மெனுவில் 'டெஸ்ட் டோன்' இருக்கும். செல்போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றை இறக்கி, காது உயரத்தில் பிடித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 75-க்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு அது போதும். சப்வூஃபர் விஷயத்தில் செல்போனை நம்பாதீர்கள், காதையே நம்புங்கள். கடைசியாக நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிவிட்டு, நாற்காலியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வசனம் அதிகமுள்ள படமாகப் பார்த்துப் போடுங்கள்.