வெண்டளையும் எண்ணிக்கையும்: யாப்பியலில் ஒரு கணித நோக்கு

தமிழ் யாப்பியல் எண்ணிக்கையோடு தொன்றுதொட்டே நெருங்கிய தொடர்புடையது. தொல்காப்பியச் செய்யுளியல் அடிகளின் விரியை 625 என வரையறுக்கிறது. யாப்பருங்கலக்காரிகை நேர், நிரை என்னும் அசைகளைக் கொண்டு ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என 30 சீர்களைத் தருகிறது. ஓர் அசை கூடுந்தோறும் எண்ணிக்கை இரட்டிக்கிறது. இவ்வாறு முந்தைய எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பெறும் முறையைக் கணிதவியலார் மீள்தொடர்பு என்பர். வடநாட்டில் ஹேமசந்திரர் 1150-ஐ ஒட்டி, மாத்திரைச் செய்யுள்களுக்கு முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் விதியைக் கூறினார். தமிழில் இத்தகைய விதி தளையிலக்கணத்தில் பொதிந்துள்ளது.

வெண்பாவில் மாவின் முன் நிரையும், விளத்தின் முன்னும் காயின் முன்னும் நேரும் வரவேண்டும். ஈரசைச்சீர் நான்கும் காய்ச்சீர் நான்குமாக எட்டுச் சீர்கள் வெண்பாவிற்கு உரியன. எச்சீர் நின்றாலும் அதன்பின் வரத்தக்கவை நான்கே. எனவே ஒவ்வொரு சீர் கூடும்போதும் வாய்பாட்டுத் தொடர்கள் நான்கு மடங்காகும். குறள் வெண்பாவின் முதல் ஆறு சீர்களுக்கு 8,192 தொடர்கள் அமையும். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் ஈற்றுச்சீர்களுள் தளைக்கேற்பன இரண்டாதலின் மொத்தம் 16,384 ஆகும்.

நின்ற சீரையும் வருஞ்சீரையும் எட்டுக்கு எட்டுக் கட்டங்களில் நிறுத்தி, தளை பொருந்துமிடத்து 1, பொருந்தாவிடத்து 0 என இட்டால் ஓர் அணி கிடைக்கும். எண்ணிக்கையின் வளர்ச்சி வீதத்தை அதன் ஐகன் மதிப்புகள் காட்டும். அவற்றுள் 4 ஒருமுறையும் 0 ஏழுமுறையும் வருகின்றன. சுழியத்தின் மடங்கு ஏழாயினும் அதற்குரிய சார்பற்ற திசையன்கள் ஆறே. மாவிற்கு ஒன்றும் ஏனையவற்றிற்கு ஒன்றுமாக அணியில் இருவகை வரிசைகளே உள்ளமை இதற்குக் காரணம். சுழியத்தின் ஏழு மடங்கு யாப்பியலார்க்கு உணர்த்துவது யாது? இரண்டு சீர் கடந்ததும் தொடக்கச்சீரின் தாக்கம் முற்றிலும் மறைகிறது. தளையின் நினைவு ஒரு சீரளவே என்பதாம். இத்தகைய ஓரடித் தொடர்பை ருஷ்யக் கணிதவியலார் மார்க்கோவ், 1913-இல் புஷ்கினின் செய்யுட் புதினத்து உயிர், மெய் எழுத்துகளைக் கொண்டு ஆராய்ந்தார்.

இக்கணக்கின் பயன் ஒன்று குறிப்பிடத்தக்கது. குறளின் இரண்டாம் சீர் முதலாக, இலக்கணம் இடந்தரும் தொடர்களில் நேரில் தொடங்கும் சீர்களும் நிரையில் தொடங்குவனவும் 3:1 என அமைகின்றன. ஆகவே, வெண்பா நூலொன்றில் நேர்முதற் சீர்கள் மிக்கிருத்தல் கொண்டே அதனைப் புலவரின் ஓசை விருப்பமாகக் கொள்ளல் பொருந்தாது. அவ்வளவையிலிருந்து விலகுமிடத்தே புலவரின் தேர்வைத் தேடவேண்டும்.

அணிக்கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அதனைப் பண்டை இலக்கண ஆசிரியர்மேல் ஏற்றிக் கூறுதல் வரலாறாகாது. ஆயினும், எட்டுச் சீர்களின் புணர்ச்சியை மூன்றே விதிகளில் அடக்கிய அவர்தம் வரையறை, பிற்காலக் கணிதத்திற்கு ஒரு திருத்தமும் தேவையின்றி இடந்தருகிறது. அதன் செப்பத்திற்கு இதுவே சான்று.