செப்சிஸில் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை

கடும் அழற்சியால் உயிருக்குப் போராடும் நோயாளியின் இரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களை அகற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் தீவிர சிகிச்சை முறைகள் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை என்று அழைக்கப்படுகின்றன. பெரும்பாலும் செப்சிஸ் நோயாளிகளுக்கே இவை செய்யப்படுகின்றன. கிருமித்தொற்றை எதிர்க்க எழும் உடலின் எதிர்வினை கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்வது செப்சிஸ்.

சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் இதற்குப் போதாது. அது அகற்றும் யூரியாவின் மூலக்கூறு எடை வெறும் 60. அழற்சியைப் பரப்பும் இன்டர்லூகின்-6 என்ற புரதத்தின் எடையோ ஏறத்தாழ 21,000. வழக்கமான சவ்வு இதை எளிதில் வடிக்காது. ஆகவே வடிகட்டுவதை விட்டு, ஒட்டவைத்துப் பிடிக்கும் உருளைகள் வந்தன.

அவற்றில் நன்கு ஆராயப்பட்டது ஜப்பானின் டோரே நிறுவனம் உருவாக்கிய பாலிமிக்சின் உருளை. சில வகைப் பாக்டீரியாக்களின் புறச்சுவரிலிருந்து வெளிப்படும் எண்டோடாக்சினைப் பாலிமிக்சின் பி என்ற ஆன்டிபயாடிக் இறுகப் பற்றும். ஆனால் ஊசியாகச் செலுத்தினால் சிறுநீரகத்துக்கும் நரம்புகளுக்கும் தீங்கு செய்யக்கூடியது. அதனால் மருந்தைப் பாலிஸ்டைரீன் இழைகளில் பிணைத்துவிட்டார்கள். நச்சு இழையில் தங்கும், மருந்து இரத்தத்தில் கலக்காது. அழகான யோசனை இது. நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லி வீதம் 2 மணி நேரம் ஓட்டினால் 12 லிட்டர் கடந்துவிடும். பெரியவர் ஒருவரின் மொத்த இரத்தமும் இரண்டு சுற்றுக்கு மேல் உருளையைத் தொட்டுவருகிறது. ஜப்பானில் 1994 முதல் இது மருத்துவக் காப்பீட்டின் கீழ் பயன்பாட்டில் உள்ளது.

ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2009-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், வயிற்றுத் தொற்றுக்கு அவசர அறுவை செய்துகொண்ட 64 பேரில், சிகிச்சை பெற்றோரில் 32 விழுக்காட்டினரும் பெறாதோரில் 53 விழுக்காட்டினரும் 28 நாளுக்குள் இறந்தனர். ஆனால் அது பாதியிலேயே நிறுத்தப்பட்ட சிறிய ஆய்வு. பிரான்சில் 2015-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. வட அமெரிக்காவில் 450 பேரிடம், போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்டு நடந்த ஆய்விலும் (2018) இறப்பு குறையவில்லை: சிகிச்சை பெற்றோரில் 37.7 விழுக்காடு, போலிச் சிகிச்சை பெற்றோரில் 34.5 விழுக்காடு.

இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்களான சைட்டோகைன்களைப் பிடிக்கும் சைட்டோசார்ப் உருளைக்கு கோவிட் நோயாளிகளுக்காக 2020 ஏப்ரலில் அமெரிக்கா அவசர அனுமதி தந்தது. மறு ஆண்டு வெளியான ஜெர்மனியின் ஃபிரைபுர்க் ஆய்வு மருத்துவர்களை நிதானிக்க வைத்தது. உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியில் இருந்த 34 கோவிட் நோயாளிகளில், உருளை பொருத்தப்பட்ட 17 பேரில் 3 பேரே 30 நாள் கடந்து உயிருடன் இருந்தனர். பொருத்தப்படாத 17 பேரில் 13 பேர். உருளை வேண்டியது, வேண்டாதது பார்ப்பதில்லை என்பது இம்முறையின் பெரிய குறை. அழற்சியைத் தணிக்கும் புரதங்களையும் சில ஆன்டிபயாடிக்குகளையும்கூட அது இழுத்துக்கொள்ளும். ஒரு சைட்டோகைனின் அளவு குறைந்ததை மட்டும் வைத்து நோயாளி தேறுகிறார் என்று முடிவுகட்டுவது ஆபத்து.

2021-ஆம் ஆண்டின் சர்வதேசச் செப்சிஸ் வழிகாட்டுதல், பாலிமிக்சின் உருளை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை வலுவற்றது என்பதையும் குறிப்பிட்டது. 2018 ஆய்வின் தரவுகளைப் பின்னர் அலசியபோது, எண்டோடாக்சின் அளவு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இல்லாத பிரிவினரிடம் இறப்பு குறைந்தது போலத் தெரிந்தது. அத்தகையோரை மட்டும் சேர்த்து டைக்ரிஸ் என்ற ஆய்வு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது.