போட்டுவிட்டு மறந்துபோன ப்ளக்இன்: 4 மணி நேரத்தில் இணையதளம் கைமாறுவது எப்படி, தடுக்க என்ன செய்யலாம்?

2025 ஏப்ரல் 3. புனேவைச் சேர்ந்த பிரைன்ஸ்டார்ம் ஃபோர்ஸ் நிறுவனம் தன்னுடைய வேர்ட்பிரஸ் ப்ளக்இன் ஒன்றுக்கு அப்டேட் வெளியிட்டது. ஷ்யூர்ட்ரிகர்ஸ் என்ற பெயரில் வந்து, பிறகு ஓட்டோகிட் என்று பெயர் மாறிய அந்த ப்ளக்இன் அப்போது 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. புதிய பதிப்பின் எண் 1.0.79.

அந்த அப்டேட் எந்த ஓட்டையை அடைத்தது என்ற விவரம் ஒரு வாரம் கழித்துப் பொதுவெளிக்கு வந்தது. அது வந்த 4 மணி நேரத்திலேயே தாக்குதல் தொடங்கிவிட்டதாக, வேர்ட்பிரஸ் பாதுகாப்பு நிறுவனமான பேட்ச்ஸ்டேக் பதிவு செய்தது.

ஹேக்கர்களுக்குத் தேவைப்பட்டது 4 மணி நேரம். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சுமார் 7 நாள். அந்த 7 நாளில் 'அப்டேட்' பட்டனை அழுத்தியவர்களுக்கு இந்த ஓட்டையால் ஒன்றும் ஆகவில்லை. அழுத்தாதவர்களில் பலருக்கு அந்த ப்ளக்இன் தங்கள் தளத்தில் இருப்பதே நினைவில் இருந்திருக்காது என்பது என் ஊகம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்த ஓட்டை எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும்.

வெற்றுச் சாவிக்குத் திறந்த கதவு

ப்ளக்இன் என்பது ஒரு தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன மென்பொருள். 'செருகுநிரல்' என்று தமிழில் எழுதுகிறோம், பேச்சில் எல்லோருக்கும் ப்ளக்இன்தான். தொடர்புப் படிவம், பணம் வாங்கும் வசதி, படங்களைச் சுருக்குவது என எதற்கும் ஒன்று கிடைக்கும். வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரப்பூர்வ தொகுப்பிலேயே பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன.

ஓட்டோகிட் செய்வது இணைப்பு வேலை. கடையில் ஆர்டர் வந்தால் அதை கூகுள் ஷீட்டில் ஏற்றுவது, மின்னஞ்சல் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது போன்றவை. இதற்கு வெளியிலிருந்து வரும் கட்டளைகளைத் தளம் ஏற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கட்டளை அனுப்பிவிடக் கூடாது என்பதால் ஒரு ரகசியச் சாவி உண்டு. வருகிற சாவியும் தளத்தில் சேமித்த சாவியும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும்.

சிக்கல் இங்கேதான். ப்ளக்இன்னைப் போட்டு, ஆக்டிவேட்டும் செய்து, ஆனால் கணக்கோடு இணைக்காமல் விட்ட தளங்களில் சேமித்த சாவி என்று எதுவும் இல்லை. வெற்றிடம். ஹேக்கரும் வெற்றுச் சாவியை அனுப்பினார். வெற்றிடமும் வெற்றிடமும் பொருந்திப்போக, கதவு திறந்தது. உள்ளே வந்தவர் தனக்கென்று ஒரு அட்மின் கணக்கை உருவாக்கிக்கொள்ள முடிந்தது. பாஸ்வேர்டு எதையும் திருட வேண்டிய தேவையே இல்லை.

கவனியுங்கள்: ப்ளக்இன்னை முறையாக அமைத்துத் தினமும் பயன்படுத்தியவர்கள் இதில் மாட்டவில்லை. 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று போட்டுவிட்டு மறந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

அதே மாதம் அதே ப்ளக்இன்னில் இன்னொரு ஓட்டையும் கண்டுபிடிக்கப்பட்டது. ஏப்ரல் 21-ல் 1.0.83 பதிப்பு வந்தது. இந்த முறை நிறுவனம் காத்திருக்கவில்லை. உரிமையாளர் பட்டனை அழுத்தாவிட்டாலும் தளங்களில் அப்டேட் தானாக ஏறும்படி செய்தது. மே 5-ல் விவரம் வெளியானபோது முதல் தாக்குதல் முயற்சிக்கு ஆன நேரம் சுமார் ஒன்றரை மணி நேரம்.

புனே நிறுவனத்தின் தவறு மட்டும்தானா?

ஓட்டை அவர்களுடையது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதை அடைப்பதிலும் அவர்கள் தாமதிக்கவில்லை. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருக்கும் ஆஸ்ட்ரா தீம் இவர்களுடையதுதான். இவ்வளவு பரவலாகப் பயன்படும் எந்த மென்பொருளிலும் ஓட்டை இருக்கும், கண்டுபிடிக்கப்படும். மற்றவர்களின் கதையும் இதேதான்: 2020 செப்டம்பரில் 7 லட்சம் தளங்களில் இருந்த ஃபைல் மேனேஜர் ப்ளக்இன்னில், அப்டேட் வருவதற்கு முன்பே தாக்குதல் தொடங்கியிருந்தது.

இன்னும் சுவாரசியமானது 2020 மே மாதத்தில் நடந்தது. எலிமென்டார் ப்ரோ என்ற பிரபல ப்ளக்இன்னில் ஒரு ஓட்டை. ஆனால் அதைப் பயன்படுத்த, தளத்தில் ஏதாவது ஒரு பயனர் கணக்கு வேண்டும். பல தளங்களில் புதுக் கணக்கு தொடங்கும் வசதியே மூடப்பட்டிருக்கும். அப்போது உதவிக்கு வந்தது பிரைன்ஸ்டார்ம் ஃபோர்ஸின் அல்டிமேட் ஆட்ஆன்ஸ் ஃபார் எலிமென்டார். அதில் இருந்த பதிவுப் படிவத்தின் குறை வழியாக, பதிவு மூடப்பட்ட தளத்திலும் கணக்கு தொடங்க முடிந்தது. அந்தப் படிவத்தைத் தளத்தின் எந்தப் பக்கத்திலும் வைத்திருக்காவிட்டாலும்கூட! ஒரு ப்ளக்இன் வெளிக்கதவைத் திறந்தது, இன்னொன்று உள்ளறையை.

நீங்கள் பயன்படுத்தாத வசதியின் கோடும் உங்கள் சர்வரில் இருக்கிறது. இருக்கும்வரை அதுவும் ஒரு கதவுதான்.

சரி, இப்போ என்ன பண்ணணும்?

இந்தக் கட்டுரைக்காக நான் பராமரிக்கும் ஒரு சின்னத் தளத்தின் டேஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். 19 ப்ளக்இன்கள். அதில் 6 எதற்கென்று எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஒன்று, 2021-ல் கோவிட் எண்ணிக்கைக்கு வரைபடம் போட ஏற்றியது. ஊருக்கு உபதேசம் எழுதுகிறவரின் லட்சணம் இது.

நீங்களும் ப்ளக்இன் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் 'இது என்ன செய்கிறது?' என்று கேளுங்கள். பதில் வராதவற்றை முதலில் டீஆக்டிவேட் செய்து ஓரிரு நாள் தளத்தைப் பாருங்கள். எதுவும் உடையவில்லை என்றால் டெலீட் செய்துவிடுங்கள். டீஆக்டிவேட் செய்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போதும் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும்; சில வகை ஓட்டைகளுக்கு அதுவே போதும். ஒரு எச்சரிக்கை: படிவத் தகவல், ஆர்டர் விவரம் போன்றவற்றைச் சேமிக்கும் ப்ளக்இன்கள் சில, நீக்கும்போது அந்தத் தரவையும் அழித்துவிடும். முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து எடுத்து வையுங்கள்.

மிச்சம் இருப்பவற்றுக்கு வேர்ட்பிரஸ் தொகுப்பில் உள்ள பக்கத்தைத் திறந்து கடைசி அப்டேட் எப்போது என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடமாக அசைவே இல்லை என்றால் மாற்று தேடுங்கள். 'இந்த ப்ளக்இன் மூடப்பட்டது' என்ற அறிவிப்பு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். தொகுப்பிலிருந்து நீக்கப்பட்ட ப்ளக்இன் உங்கள் தளத்தில் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும், டேஷ்போர்டும் அதைத் தானாகச் சொல்லாது. நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

கைமாறுவதும் உண்டு. 2 லட்சம் தளங்களில் இருந்த டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் ப்ளக்இன் 2017-ல் விற்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த அப்டேட்களிலேயே ஸ்பேம் பதிவுகளைப் புகுத்தும் கோடு இருந்தது.

ஆட்டோ அப்டேட் போடலாமா?

சின்னத் தளம் என்றால் என் பதில்: போடுங்கள். 2020-ல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல், ப்ளக்இன் பட்டியலிலேயே ஒவ்வொன்றுக்கும் இந்த வசதி இருக்கிறது. ஏப்ரல் 3-ஆம் தேதி அப்டேட்டைத் தானாக எடுத்துக்கொண்ட தளத்துக்கு ஏப்ரல் 10 இன்னொரு சாதாரண நாள்.

'அப்டேட் போட்டா சைட் உடைஞ்சிடும்' என்ற பயம் பொய்யில்லை. 2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6-ல் அதற்கு ஒரு தீர்வு சேர்த்தார்கள்: ஆட்டோ அப்டேட்டுக்குப் பிறகு தளம் முழுதாகப் படுத்துவிட்டால் பழைய பதிப்புக்குத் தானாகத் திரும்பிவிடும். ஆனால் தளம் திறக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும். 'பணம் செலுத்து' பட்டன் வேலை செய்யாமல் போனால் அதற்குத் தெரியாது. எனவே ஆன்லைன் கடை நடத்துபவர்கள் அப்டேட்டை முதலில் ஒரு நகல் தளத்தில் போட்டு, ஒரு சோதனை ஆர்டர் செய்து பார்த்துவிட்டு, அசல் தளத்தில் போடுவது நல்லது. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் 'ஸ்டேஜிங்' என்ற பெயரில் இந்த வசதியைத் தருகின்றன. அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். கைவசம் இருப்பது எத்தனை நாள் என்று மேலே பார்த்தோம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வேர்ட்பிரஸ் தன் தானியங்கி வேலைகளை, யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ஓட்டும். ஆளே வராத தளத்தில் அப்டேட் தேடுவதும் தாமதமாகும். ஹோஸ்டிங் கணக்கில் 'க்ரான் ஜாப்' அமைத்தால் இது சரியாகிவிடும். ஹோஸ்டிங் உதவி மையத்தில் கேட்டாலே செய்து தருவார்கள்.

கட்டண ப்ளக்இன்களில் இன்னொரு பொறி உண்டு. லைசென்ஸ் முடிந்தால் அப்டேட் வருவது பெரும்பாலும் நின்றுவிடும், ப்ளக்இன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தீமோடு இலவச இணைப்பாக வரும் ப்ளக்இன்களும் இப்படித்தான். 2014 டிசம்பரில் சோக்சோக் என்ற தீநிரல் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் பரவியதாக மதிப்பிடப்பட்டது. அது நுழைந்த வழி ஸ்லைடர் ரெவல்யூஷன் ப்ளக்இன்னின் பழைய பதிப்பு. தீமுக்குள் அப்படி ஒன்று இருப்பதே நிறைய உரிமையாளர்களுக்குத் தெரியாது.

'கட்டண ப்ளக்இன் ஃப்ரீயா கிடைக்குது' என்று யாராவது ஜிப் கோப்பு அனுப்பினால் தொடாதீர்கள். அதில் தீநிரல் ஒட்டிக்கொண்டு வருவது வாடிக்கை.

பேக்கப் எடுத்திருக்கிறீர்கள். திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா?

கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டும் சேர்ந்ததுதான் பேக்கப். ஒன்றை விட்டால் இன்னொன்றால் பெரிய பயனில்லை. தளம் இருக்கும் அதே சர்வரில் பேக்கப்பையும் வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது மாதிரி. கூகுள் டிரைவ் போன்ற வேறு இடத்துக்கு அனுப்புங்கள். குறைந்தது 30 நாள் பழைய பிரதிகள் இருக்கட்டும், ஏனென்றால் ஹேக் ஆனது பல நேரம் தாமதமாகத்தான் தெரியவரும். வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு காலி இடத்தில் முழுதாக ஏற்றிப் பாருங்கள்.

எனது 6 ப்ளக்இன்களில் 5-ஐ நீக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. ஆறாவதை நீக்கியதும் பழைய கட்டுரைகளின் அட்டவணைகள் எல்லாம் மறைந்தன. பேக்கப் இருந்ததால் அன்று மாலையே மீட்டுவிட்டேன்.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள் என்றால்?

முதலில் பயனர் பட்டியலைத் திறந்து, அட்மின்களை மட்டும் பாருங்கள். தெரியாத பெயர் இருக்கிறதா? ஓட்டோகிட் தாக்குதலில் அப்படித்தான் புதுக் கணக்குகள் முளைத்தன. இந்த நிலையில் ப்ளக்இன்னை அப்டேட் செய்வது மட்டும் போதாது. அப்டேட் ஓட்டையை அடைக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரை வெளியேற்றாது. ஊடுருவலுக்கு முந்தைய பேக்கப்பை ஏற்றி, உடனே எல்லாவற்றையும் அப்டேட் செய்து, வேர்ட்பிரஸ், ஹோஸ்டிங், டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள் மூன்றையும் மாற்றுங்கள். அட்மின் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள்.

நீங்கள் ஒரு நிறுவனமாகத் தளம் நடத்தினால் சட்டக் கடமையும் உண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவின்படி, இணையதள ஊடுருவல் போன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வர் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்கவும் அந்த உத்தரவு சொல்கிறது. எனவே பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்கும் முன், லாக் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள்.

தளத்தைச் செய்து கொடுத்தவரிடமே ஹோஸ்டிங், டொமைன் இரண்டின் லாகினும் இருந்தால், அவர் போனை எடுக்கும்வரை இதில் எதையும் உங்களால் செய்ய முடியாது. அந்தக் கணக்குகள் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கின்றன என்பதை இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.