நாலு பொண்ணுங்க கேட்ட கேள்வி

"காதல் தோல்விப் பாட்டுல என்னப்பா அரசியல் இருக்கு?" என்று தோழர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஷிரெல்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

நியூஜெர்சி மாநிலம் பசேயிக் நகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நான்கு கறுப்பினப் பெண்கள். 1960 கடைசியில் வெளிவந்த இவர்களின் 'வில் யூ லவ் மீ டுமாரோ' 1961 ஜனவரியில் அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

இன்றைக்கு ஆசையாய்ப் பேசுகிறவன் நாளைக்குக் கைவிட்டுடுவானோ என்று ஒருத்தி பயப்படுகிறாள். பாட்டு அவ்வளவுதான். ஆனால் அடிமைக்காலம் முழுக்கக் கறுப்புப் பெண்ணின் உடம்பை எடுத்துக்கொண்ட எஜமானர்கள் அவள் மனசைக் கேட்டதே இல்லை. 1960 நவம்பரில்கூட நியூ ஆர்லியன்சில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் வெள்ளையர் பள்ளிக்குப் போக மார்ஷல்கள் காவல் வர வேண்டியிருந்தது. அந்த நாட்டில்தான் ஒரு கறுப்புப் பெண்ணின் பயத்தை வெள்ளைப் பிள்ளைகளும் தங்கள் பயமாகக் கேட்டார்கள்.

கேட்டார்கள், சரி. காசு? இருபத்தோரு வயசானதும் தருவோம், சேர்த்து வைத்திருக்கிறோம் என்று கம்பெனி நம்பவைத்திருந்தது. வயசு வந்து கேட்டபோது அப்படியொரு சேமிப்பே இல்லை. வழக்குப் போட்டார்கள்.

1963 ஆகஸ்டில் பர்மிங்காமை ஒட்டிய மைல்ஸ் கல்லூரியில் கறுப்பர் விடுதலைப் போராட்டத்துக்காக நடந்த கச்சேரியிலும் இவர்கள் பாடினார்கள். மனசொடிந்த பாட்டைப் பாடிய அதே குரல்தான் அங்கேயும் ஒலித்தது. இவர்களை வெறும் காதல் பாட்டுக்காரிகள் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை, தோழர்களே.