கீழ்ப்படிதல் என்ற ஒரு சொல்லும் பிலிப்பிச் சிறையும்

ஆளுவோர் முன் விசுவாசி எப்படி இருக்கவேண்டும் என்று சொல்ல, ரோமர் 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் எடுக்கும் கிரேக்கச் சொல் 'ஹுப்பொதஸ்ஸோ'. ஒழுங்குமுறைக்குள் ஒருவருக்குக் கீழே தன் இடத்தில் நிற்பது அதன் வேர்ப்பொருள். அப்போஸ்தலர் 5:29இல், மனிதரைவிடக் கடவுளுக்கே என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு வாதிடும்போது வருவது வேறு சொல்: 'பெய்தார்கெயோ', அதிகாரத்தின் கட்டளையை ஏற்று நடப்பது. தமிழ்ச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பவர் திருப்புதலில் இரண்டுக்கும் 'கீழ்ப்படிதல்' ஒன்றுதான். கேட்பவர் காதில், ஒரு வசனம் கீழ்ப்படி என்கிறது, இன்னொன்று வேண்டாம் என்கிறது. பிரசங்கியார் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்.

ஆனால் சொல்லாராய்ச்சியை மட்டும் நம்பி வழக்காட முடியாது. தீத்து 3:1 இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஆளுவோருக்கே உரியதாக்குகிறது. ஆகவே பவுலின் எழுத்துக்கு உரை தேட அவரைப் பற்றிய கதைக்கே போகவேண்டியிருக்கிறது.

அப்போஸ்தலர் 16: பிலிப்பி நகர அதிகாரிகள் விசாரணையின்றிப் பவுலையும் சீலாவையும் அடித்து, தொழுமரத்தில் மாட்டுகிறார்கள். இரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தபோதும் பவுல் ஓடவில்லை. விடிந்ததும் 'போகலாம்' என்று சேவகர் வந்து சொன்னபோதும் போகவில்லை. ரோமக் குடிமக்களைத் தீர்ப்பின்றி அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்கிறார். வந்தார்கள், கெஞ்சினார்கள். குடியுரிமையை அடி விழுமுன் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத புதிர். எப்படியானாலும், இங்கே நடப்பது பணிந்துபோவதும் அல்ல, கலகமும் அல்ல. அதிகாரத்தை அதன் சொந்தச் சட்டத்தின் முன் நிறுத்துகிறார்.

இதே தர்க்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் மாக்டெபுர்க் நகரப் போதகர்கள் நீட்டினார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1548இல் திணித்த சமய ஏற்பாட்டை அந்த லுத்தரன் நகரம் மறுத்தது. 1550 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் ரோமர் 13ஐ விட்டு விலகவில்லை, அதையே துணைக்கழைத்தார்கள். நன்மை செய்பவர் எவனுக்கு அஞ்சவேண்டியதில்லையோ அவனே கடவுளின் ஊழியக்காரன் என்றால், நன்மையைத் தண்டிப்பவன் அந்தப் பதவிக்கு வெளியே நிற்கிறான். கீழ்நிலை அதிகாரிகள் அவனை எதிர்க்கலாம். கவனியுங்கள்: அதிகாரிகள். 1525இல் எழுந்த குடியானவர்களை வெட்டச் சொன்ன லுத்தரின் மரபுக்கு இந்த வரம்பு இயல்புதான்.

பதவியோ குடியுரிமையோ இல்லாதவர் என்ன செய்வது? 1985 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணத்தை நான் இந்தக் கேள்வியோடு வாசிக்கிறேன். ரோமர் 13ஐக் காட்டி நிறவெறி அரசுக்கு முட்டுக்கொடுத்த 'அரச இறையியலை' அது கண்டித்தது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கூர்மையானது 'சபை இறையியல்' மீதான விமர்சனம்: மேலே இருப்பவர்களிடம் முறையிட்டே மாற்றம் வரும் என்று நம்புவதை அது ஏற்கவில்லை. காரணம் வெளிப்படை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பினத்தவரைத் 'தாயகங்கள்' என்று ஒதுக்கிய பகுதிகளின் குடிகளாக்கியிருந்தது. பிலிப்பியில் பவுல் நீட்டிய சீட்டு அவர்கள் கையில் இல்லை. அரசை அதன் சட்டத்துக்குத் திருப்பி அழைப்பதில் பயனில்லை, சட்டமே குற்றவாளியாக இருந்தது.

இந்தக் குறை பிலிப்பிக் கதையிலேயே இருக்கிறது. பவுல் சிறைப்பட்டதே ஓர் அடிமைப்பெண்ணால். குறிசொல்லி எஜமானர்களுக்கு ஆதாயம் தந்துகொண்டிருந்தவளிடமிருந்து அவர் ஆவியை விரட்டினார். வருமானம் போன கோபத்தில் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். குடிமகனிடம் அதிகாரிகள் மன்னிப்புக் கேட்கும் விடியற்காலையில், அந்தப் பெண் எந்த எஜமானன் வீட்டில் இருந்தாள் என்று லூக்கா எழுதவில்லை.