வெள்ளி இடபம்

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர், குரக்கன் ஒட்டைச் சுட்டவிடத்துத் தோன்றினார் என்பது வன்னி மக்களின் ஐதிகம். ஊர்ப்பெயரும் அதனையே சுட்டும். தானே தோன்றிய மூலமூர்த்தி பெயர்வதில்லை. விழாவில் வீதிவலம் வருவது உற்சவமூர்த்தியே.

சிவாலயங்களில் அம்மூர்த்தியைத் தாங்கும் இடபம் பெரும்பாலும் மரத்திற் செதுக்கப்படுவது. வசதி வாய்த்தவிடத்து அதன்மேல் வெள்ளித்தகடு போர்த்துவர். கண்டோர் வெள்ளியையே புகழ்வர். ஆயினும் திமிலின் எழுச்சி, கழுத்தின் மடிப்பு, மணிமாலை யாவும் தச்சனின் உளி முன்னரே மரத்தில் வகுத்தவை. மெல்லிய தகடு அவற்றின்மேல் தட்டிப் படியவைக்கப்படுகிறது. தட்டுவோன் திறனும் சிறிதன்று. எனினும் பிழைபட்ட மரத்தை அவன் திருத்தவியலாது. உபயகாரர் பெயர் தகட்டில் பொறிக்கப்படுவதுண்டு. தச்சன் பெயரோ அரிதாகவே எஞ்சும்.

தகட்டைக் கழற்றிப் புதுக்கும்போதே அம்மரம் வெளிப்படும். கறையான் அரித்த மரத்தை நீக்குமுன் அதனை அளந்து படமெடுத்தல் வன்னியில் மிக வேண்டப்படுவது. 2009இல் முடிந்த போரில் அங்கு எழுத்தாவணங்கள் பல அழிந்தன.